சகாசா கெபாரி: கட்டுவதிலிருந்து மலை ஓடையில் போடுவது வரை

ஜப்பானின் மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கிற டென்காரா முறையில் ரீல் கிடையாது. நீளமான ஒரு கம்பு, அதன் நுனியில் கட்டிய நரம்பு, நரம்பின் முனையில் ஒரு கெபாரி, அவ்வளவுதான். நூலும் இறகும் சுற்றிய தூண்டில் முள்ளைத்தான் அங்கே கெபாரி என்கிறார்கள். அதில் வெளியுலகம் நன்றாக அறிந்ததும், புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே மாலையில் கட்டக் கற்றுக்கொள்ளக்கூடியதும் சகாசா கெபாரி. ஐரோப்பிய முறையில் தண்ணீருக்குள் மூழ்க விடும் ஃப்ளைகளில் (இதேபோல நூலும் இறகும் சுற்றிய முட்கள்தான் அவையும்) இறகு பெரும்பாலும் பின்பக்கம், முள்ளின் வளைவை நோக்கிச் சாய்ந்திருக்கும். சகாசாவில் அது முன்பக்கம், நூல் கோக்கிற காதை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த ஒரு மாற்றத்தைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மீன் கடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் இறகுக்குத்தான் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எதற்கு எது என்பது அதிலேயே புரிந்துவிடும். மலைக் கிராமங்களில் மீன் பிடித்து, வெந்நீரூற்று விடுதிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்கள் வளர்த்த முறை இது. நாலு மீன் கூடக் கிடைத்தால்தான் அவர்களுக்கு அன்றைய வரும்படி. புழு தேடி, ஒவ்வொரு மீனுக்கும் புதிதாகக் கோத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கெபாரி என்றால் மீனைக் கழற்றிவிட்டு உடனே அடுத்த வீச்சு. கட்டுவதற்கான பொருளையும் அவர்கள் கடையில் தேடவில்லை. வீட்டுக் கோழி, காட்டில் கிடைத்த ஃபெசன்ட் பறவையின் இறகு, தையல் நூல், பட்டு நூல் என்று கைக்கு எட்டியதை வைத்தே கட்டினார்கள். பழைய முட்களில் காது கூட இருக்காது. பட்டு நூலில் ஒரு சிறு வளையம் வைத்து அதையே காதாகக் கட்டிவிடுவார்கள்.

அவர்கள் குறிவைத்த மீன்கள் மூன்று: இவானா, யமாமே, அமாகோ. ஓடையின் மேல்பகுதியில், குளிர்ந்த தண்ணீரில், பாறை ஓரமாக ஒதுங்கி நிற்பது இவானா. நீரோட்டத்தின் நடுவே நின்று, வருவதைச் சட்டென்று கவ்வி, ஏமாற்று என்று தெரிந்ததும் அதைவிட வேகமாகத் துப்பிவிடுவது யமாமே. அமாகோவும் யமாமேயும் நெருங்கிய சொந்தம். அமாகோவின் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். மூன்றுமே பூச்சி தின்பவை, மூன்றுமே பெரும்பாலும் பசியோடு இருப்பவை, ஏனென்றால் செங்குத்தான மலை ஓடையில் இரை குறைவு. எதிரே வருவது தின்னக்கூடியதா என்று முடிவெடுக்க அவற்றுக்குக் கண நேரம்தான் கிடைக்கிறது. எனவே இன்ன பூச்சியின் அச்சு அசலான உருவத்தைச் செய்ய வேண்டும் என்கிற கவலை இங்கே தேவையில்லை. உயிர் இருக்கிற மாதிரி அசைந்தால் போதும்.

ஐச்சி தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹிசாவோ இஷிகாகி இதை எல்லை வரைக்கும் கொண்டுபோனவர். நூலும் ஒரே ஒரு கோழி இறகும் மட்டும் உள்ள ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டே மீன் பிடித்துக் காட்டினார். 2009ல் அவர் அமெரிக்காவில் கேட்ஸ்கில் மலைப்பகுதிக்குப் போய் டென்காராவை விளக்கிக் காட்டியதும், டேனியல் கல்யார்டோ அதே ஆண்டு டென்காரா யுஎஸ்ஏ நிறுவனத்தைத் தொடங்கியதும்தான் ஜப்பானுக்கு வெளியே இந்த முறை பரவியதற்கு முக்கியக் காரணங்கள். எல்லோரும் ஒரே கெபாரியோடு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடங்குகிறவர் முதல் பருவம் முழுக்க ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டால், மீன் கடிக்காதபோது பெட்டியைத் திறந்து வேறு பூச்சி தேடாமல், வீச்சையும் நிற்கும் இடத்தையும் மாற்றிப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம்தான் மீன் கொடுக்கும்.

தேவையானவை

தூண்டில் முள் 12ஆம் எண், எதிர்முள் (நுனிக்குச் சற்றுப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன முள்) இல்லாதது. எதிர்முள் உள்ளதுதான் கிடைக்கிறது என்றால் குறட்டால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், கட்டுவதற்கு முன்பே. கட்டிய பிறகு நசுக்கும்போது முள் உடைந்தால் உழைப்பு வீண். முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ் இருந்தால் வசதி. கருப்பு அல்லது அடர் பழுப்பு நூல், மெழுகு தடவிய பட்டு நூலாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தையல் நூலே போதும். சின்னக் கூர்மையான கத்தரிக்கோல், தெளிவான நகப்பூச்சு, ரீஃபில் எடுத்த பால்பாயின்ட் பேனா ஒன்று. பேனா எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இறகு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஜப்பானில் பெட்டை ஃபெசன்டின் இறகுக்குத் தனி மதிப்பு, ஏனென்றால் அது மெத்தென்று இருக்கும், பழுப்பில் கோடு கோடாக இருக்கும். நமக்கு நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்து இறகு தாராளமாகப் போதும். சேவலின் கழுத்து இறகு பளபளப்பாக அழகாக இருக்கும், ஆனால் விறைப்பானது. மேலே மிதக்கிற ஃப்ளைக்கு அது சரி, தண்ணீருக்குள் அசைய வேண்டிய கெபாரிக்கு மென்மையான இறகுதான் முதல் தேர்வு. ஓர் இறகை எடுத்து அதன் இழைகளைக் கன்னத்தில் தடவிப் பாருங்கள், குத்தினால் வேண்டாம். காட்டுக்கோழி இறகு பக்கம் போகவே கூடாது, இந்தியாவில் அது வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருகிற பறவை. தோளுக்கு, அதாவது இறகுக்கு நேர்பின்னால் வைக்கிற சின்னத் திரட்சிக்கு, மயிலிறகின் இழை இரண்டு வேண்டும். தானாக உதிர்ந்த இறகு ஒன்று கிடைத்தால் நூறு கெபாரிக்கு மேல் வரும்.

மயிலிறகு இல்லையென்றாலும் பரவாயில்லை, நூல் உடம்பே போதும். யூசோ செபாட்டா என்கிற புகழ்பெற்ற மலை ஓடை மீன்பிடிப்பாளர், ஜென்மாய் என்கிற பெரணிச் செடியின் இளம் சுருளைச் சுற்றியிருக்கும் பஞ்சை எடுத்து நூலோடு முறுக்கி உடம்பு கட்டுவார். வசந்த காலத்தில் மலைக்காரர்கள் சமைக்கப் பறிக்கிற கீரை அது. சுத்தம் செய்யும்போது ஒதுக்குகிற பஞ்சு, கெபாரிக்கு உடம்பாகிவிடுகிறது.

கட்டும் முறை

முள்ளின் காது உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி வைஸில் மாட்டுங்கள். இடக்கைக்காரர் என்றால் எல்லாவற்றையும் திருப்பி வாசித்துக்கொள்ளுங்கள்.

1. காதுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் விட்டு நூலைத் தொடங்குங்கள். நூலின் மேலேயே நூலை ஏற்றி ஐந்தாறு சுற்று இறுக்கமாகச் சுற்றினால் அது வழுக்காமல் நிற்கும், மீந்த வாலை வெட்டிவிடலாம். அதே இடத்தில் இன்னும் சில சுற்று சுற்றி ஒரு சின்னத் தலையை உருவாக்குங்கள். வழக்கமான ஃப்ளையில் தலை கடைசியில் வரும், இதில் முதலிலேயே முடிந்துவிடுகிறது. காதின் துளையை நூல் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. இறகின் அடியில் இருக்கும் பஞ்சை உருவிவிட்டு, நடுத்தண்டை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெறுமையாக்குங்கள். இப்போது இறகின் இழைகளை விரித்து முள்ளோடு வைத்துப் பாருங்கள். முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளியைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு நீளம் சரி. அதைவிட நீண்டால் மீன் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போகும் வாய்ப்பு கூடும்.

3. இதுதான் முக்கியமான படி. இறகுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பளபளப்பாக வெளிப்புறம் வளைந்திருக்கும், இன்னொன்று மங்கலாக உட்குழிந்திருக்கும். இறகின் நுனி காதைத் தாண்டி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படியும், பளபளப்பான பக்கம் மேலே பார்க்கும்படியும் முள்ளின் மேல் படுக்க வையுங்கள். வெறுமையாக்கிய தண்டை, தலைக்குச் சற்றுப் பின்னால் நூலால் நாலைந்து சுற்றுக் கட்டுங்கள். பிறகு இறகை நிமிர்த்திப் பாருங்கள்: பளபளப்பான பக்கம் வளைவையும், உட்குழிந்த பக்கம் காதையும் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் சுற்றும்போது இழைகள் தாமாகவே முன்னால் சாயும். திரும்பி நின்றால் இப்போதே அவிழ்த்துவிடுங்கள், பின்னால் நூலை வைத்து இழுத்துச் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் ஓடையில் நனைந்ததும் அது தன் போக்குக்குத் திரும்பிவிடும்.

4. நூலை இரண்டு மில்லிமீட்டர் பின்னால் கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். இறகின் நுனியைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குப் பின்னால் விழும்படி மூன்று சுற்று, மிஞ்சினால் நாலு. இறகு இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று கூடுதலாகச் சுற்றத் தோன்றும், சுற்றாதீர்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். அடர்த்தியானால் மூழ்கவும் மறுக்கும், அசையவும் மறுக்கும். நுனியை நூலால் மூன்று சுற்றுப் பிடித்து, மீதியை வெட்டுங்கள்.

5. இடக்கை விரல்களால் எல்லா இழைகளையும் காதை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவற்றின் அடியில், பின்பக்கமாக ஒட்டி நூலை நாலைந்து சுற்று இறுக்குங்கள். விரலை எடுத்ததும் இழைகள் முன்னால் சாய்ந்த, காற்றில் பாதி மடங்கிய குடை வடிவில் நிற்க வேண்டும். முழுக்கக் காதை மூடிப் படுத்துவிடவும் கூடாது. முள்ளின் தண்டுக்கு ஏறக்குறைய 45 முதல் 60 பாகைக் கோணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

6. நூலைச் சுற்றுக்குச் சுற்று ஒட்டியபடி வளைவு தொடங்கும் இடம் வரை கொண்டுபோய், அதே மாதிரி முன்னால் கொண்டுவாருங்கள். உடம்பு அதுதான். ஒல்லியாகவே இருக்கட்டும்.

7. இழைகளுக்கு நேர்பின்னால் இரண்டு மயிலிறகு இழைகளை அவற்றின் நுனிப்பக்கம் வைத்துக் கட்டுங்கள். நூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, மயிலிழைகளை ஒன்றாக முறுக்கி மூன்று நாலு சுற்றுப் பின்னோக்கிச் சுற்றி, நூலால் பிடித்து வெட்டுங்கள். இந்தச் சின்னத் திரட்சி, மீன் கடிக்கும்போதும் கல்லில் படும்போதும் இறகைப் பின்னால் சரியவிடாமல் தாங்குகிறது. அழகுக்காக மட்டும் வைப்பதல்ல.

8. முடிச்சு. நூலைப் பேனாக் குழாயின் கூர்முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, குழாயின் ஓட்டையை முள்ளின் மேல் வைத்து, சுற்றை வழுக்கவிட்டு இறுக்கினால் ஒரு சுருக்கு முடிச்சு. காதுப் பக்கத்திலிருந்து நுழைக்கும்போது இறகு நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது விரலாலேயே போடுங்கள். மயிலிறகுத் திரட்சிக்குப் பின்னால் நாலு முடிச்சு போதும். நூலை வெட்டி, முடிச்சின் மேல் நகப்பூச்சு ஒரு துளி, தலையின் மேல் ஒரு துளி. ஊசி முனையால் வையுங்கள், இழைகளில் பட்டால் அவை ஒட்டிக்கொண்டு கெபாரி செத்துவிடும்.

கட்டியதும் ஒரு டம்ளர் தண்ணீரில் நரம்போடு விட்டு, மெதுவாக இழுத்து நிறுத்திப் பாருங்கள். இழுக்கும்போது இழைகள் பின்னால் மடங்கும், நிறுத்தியதும் முன்னால் விரியும். மடங்கி விரிவதற்கு அரை சென்டிமீட்டர் இழுப்பே போதுமென்றால் கெபாரி தயார். இழைகள் அசையாமல் விறைத்து நின்றால் இறகு தவறு.

நரம்பும் கம்பும்

3.6 மீட்டர் கம்பு பெரும்பாலான ஓடைகளுக்குப் பொருந்தும். மரக்கிளைகள் தாழ்ந்த குறுகிய இடத்துக்குச் சற்றுக் குட்டையானதும், அகன்ற இடத்துக்கு 4 மீட்டருக்கு மேலும் எடுப்பார்கள். நரம்பு, முதலிலிருந்து கடைசி வரை ஒரே தடிமனான ஃப்ளூரோகார்பன், ஜப்பானிய அளவில் 3.5ஆம் எண், அதாவது ஏறக்குறைய 0.31 மி.மீ. நைலானைவிட ஃப்ளூரோகார்பன் கனமானது, அதனால்தான் வீசும்போது அது கெபாரியை இழுத்துக்கொண்டு போகிறது. ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் வருவதை வாங்குங்கள், மீன் கடிப்பதை நரம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறோம். நீளம் கம்பின் அளவே. அதன் முனையில் ஒரு மீட்டர் மெல்லிய நரம்பு, 0.15 மி.மீ. தடிமன். இன்னும் தடித்ததைப் போட்டால் அறுந்துபோகாதே என்று தோன்றலாம், ஆனால் பாறையில் முள் மாட்டி இழுக்கும்போது முதலில் அறுக வேண்டியது அந்த நரம்புதான். அது அறாவிட்டால் கம்பின் நுனி முறியும்.

கம்பின் நுனியில் லிலியன் என்கிற சிவப்புப் பின்னல் கயிறு ஒரு துண்டு இருக்கும். அதன் முனையில் ஒரு முடிச்சுப் போட்டு, நரம்பில் சுருக்குக் கண்ணி வைத்து அதன்மேல் இறுக்கினால் வேலை முடிந்தது. கண்ணியின் வாலை இழுத்தால் கழன்றுவிடும்.

ஓடையில்

மலை ஓடையில் ஒரு முழ அகலத்துக்குள்ளேயே வேகமான நீரோட்டம், மெதுவான நீரோட்டம், எதிர்ச்சுழல் என்று மூன்றும் இருக்கும். நரம்பு தண்ணீரில் கிடந்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்து, கெபாரி செயற்கையாக ஓடும். நீளமான கம்பும் இலேசான நரம்பும் இதற்காகத்தான்: நரம்பு முழுவதையும் காற்றில் தூக்கிப் பிடித்து, கடைசியில் மெல்லிய நரம்பில் கொஞ்சமும் கெபாரியும் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி செய்ய வேண்டும்.

வீசுவதற்கு ஆள்காட்டி விரலைக் கம்பின் மேல் நீட்டிப் பிடியுங்கள். தலைக்கு மேல் கம்பை வேகமாகப் பின்னால் தூக்கி, ஏறக்குறைய நேராக நிற்கும் இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். நரம்பு பின்னால் விரிய ஒரு கணம் கொடுத்து, முன்னால் கடிகாரத்தின் 10 மணி நிலையில் நிறுத்துங்கள். தோளால் வீசாதீர்கள், முன்கையும் மணிக்கட்டும் போதும். நன்றாக வந்த வீச்சில் கெபாரிதான் முதலில் தண்ணீரைத் தொடும்.

மீன் உங்களைப் பார்த்துவிட்டால் அந்தக் குழியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. மீன் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும், ஆகவே ஓடையில் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே பிடியுங்கள். ஒரு குட்டைக்கு வந்ததும் அழகான ஆழமான நடுப்பகுதியில் முதலில் வீசத் தோன்றும். அடக்கிக்கொண்டு, தண்ணீர் வெளியேறுகிற ஆழமற்ற வால்பகுதியில் தொடங்குங்கள். பசித்த இவானா அங்கே வந்து நிற்கும், அதைக் கவனிக்காமல் மேலே போனால் அது ஓடி மற்றவற்றையும் கலைத்துவிடும். அப்புறம் பாறைகளின் இருபுறமும், வேக ஓட்டமும் மெதுவான ஓட்டமும் சேரும் கோடு, கடைசியில் தண்ணீர் விழும் இடம்.

முதல் வீச்சில் எதுவும் செய்யாமல் கெபாரியை நீரோட்டத்தோடு போகவிடுங்கள், கம்பின் நுனி அதே வேகத்தில் கூடவே வரட்டும். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, அதே கோட்டில் அசைத்துப் பாருங்கள். கம்பின் நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி விடுவது, ஒரு கணம் நிறுத்துவது, மறுபடி தூக்குவது. இறகு விரிந்து மடங்குகிற சகாசாவின் வேலை இங்கேதான். நிறுத்துகிற கணத்தில்தான் பெரும்பாலும் கடி வரும், ஆகவே நிறுத்தங்களை நீட்டுங்கள், ஆட்டத்தைக் குறையுங்கள். நிறைய ஆட்டினால் யமாமே விலகிவிடும்.

பாறைக்கு முன்னாலோ பின்னாலோ மீன் நிற்கும் என்று தோன்றும் இடத்தில், அதற்குச் சற்று மேலே நின்று கெபாரியை ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்கலாம். முன்னால் சாய்ந்த இறகு ஓட்டத்தைத் தாங்கி நங்கூரமிட்ட மாதிரி நிற்கும், இழைகள் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். மற்ற ஃப்ளைகள் இப்படிப் பிடித்தால் மேலே எழும்பிவிடும். ஆழத்துக்குப் போக வேண்டுமென்றால் ஈயம் கட்ட வேண்டாம், தண்ணீர் விழுகிற வெள்ளை நுரையின் விளிம்பில் கெபாரியைப் போட்டு நரம்பைத் தளர்த்திவிடுங்கள், கீழே பாயும் நீரே அதை அடிக்குக் கொண்டுபோகும்.

கடியை உணர்வதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். ஓடிக்கொண்டிருந்த நரம்பு நின்றால், பக்கவாட்டில் நகர்ந்தால், தண்ணீருக்குள் ஒரு மின்னல் தெரிந்தால், உடனே மணிக்கட்டைச் சற்றே தூக்குங்கள். பலமாக இழுத்தால் மெல்லிய நரம்பு அறும். மாட்டிய மீனைக் கம்பை வளைத்தே களைப்பாக்கி, கம்பைப் பின்னால் சாய்த்து, நரம்பைக் கையால் பிடித்து அருகே கொண்டுவாருங்கள். தொடுவதற்கு முன் கையை நனையுங்கள், உலர்ந்த கை மீனின் மேல் உள்ள வழவழப்பைக் கெடுக்கும். எதிர்முள் இல்லாததால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைத் திருப்பி எடுத்துவிடலாம்.

ஜப்பானில் ஆற்று மீன்பிடிப்பு உள்ளூர் மீன்வளக் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பு. அந்தந்த ஆற்றுக்கான அனுமதிச் சீட்டு வாங்கித்தான் இறங்க வேண்டும், பல இடங்களில் அருகிலுள்ள கன்வீனியன்ஸ் கடையிலேயே கிடைக்கும். பெரும்பாலான மலை ஆறுகள் மார்ச் முதல் செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும், மீன்கள் முட்டையிடும் காலத்தில் மூடிவிடுவார்கள். டோக்கியோவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ரயிலில் போகக்கூடிய ஒகுடாமா நல்ல தொடக்கம். அங்கே கட்டணம் கட்டிப் பிடிக்கும் மீன்பிடித் தளங்களும் உண்டு. கரடி நடமாடும் மலைகள் இவை, பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள். வழுக்காத அடியுள்ள காலணி வேண்டும். தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ மேலே எங்கோ மழை. மீனை மறந்துவிட்டுக் கரையேறுங்கள்.

திரும்பும்போது கம்பை மடக்குவது நுனியிலிருந்து அல்ல, கைப்பிடிக்கு அடுத்த தடித்த துண்டிலிருந்து. விரிக்கும்போது அதற்கு நேர்மாறாக நுனியிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அடி மூடியைக் கழற்றி, துண்டுகளை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள், ஈரத்தோடு மூடி வைத்த கம்பில் துண்டுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பயன்படுத்திய கெபாரியையும் நேராகப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். ஒரு தக்கைத் துண்டில் குத்தி, இறகை முன்னால் நீவிவிட்டுக் காயவிட்டால் முள் துருப்பிடிக்காது, இழைகளும் சாய்வு மாறாமல் இருக்கும்.